எண்பத்தெட்டு சதவீதம்

"எண்பத்தெட்டு சதவீதம்! இது காப்பி இல்லைன்னா வேற என்ன?"

உயிரியல் டீச்சர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கட்டுரை முழுக்கச் சிவப்பு.

எதிரே நின்றவளுக்கு வகுப்பில் 'ரெண்டாம் மணி' என்று பட்டப்பெயர். முதல் மணிக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.

இனிமேல் எந்த புராஜெக்டையும் காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்த பிறகுதான் மார்க் என்று பள்ளியில் புது விதி. அதை அறிவித்த அன்றே பிள்ளைகள் கதிகலங்கிப் போனார்கள்.

"தற்செயலா நாலு வரி ஒத்துப்போனாக்கூட முட்டையா, மிஸ்?"

"நம்ம பக்கத்து நியாயத்தைச் சொல்லவாவது விடுவாங்களா, மிஸ்?"

"சொந்தமா எழுதினவங்களுக்கு என்ன பயம்?" என்று டீச்சர் எல்லார் வாயையும் அடைத்துவிட்டார்.

"நான் திருடலை, மிஸ்" என்றாள் ரெண்டாம் மணி.

"பொய் வேறயா? 'படுத்த படுக்கையானவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?' இந்தப் பக்கம் மூணு வருஷமா நெட்ல இருக்கு. எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஏன் தெரியுமா?"

டீச்சர் திரையை விரலால் தட்டினார்.

"என் வீட்டுக்காரர் ஏணியிலேர்ந்து விழுந்து ஆறு மாசம் படுக்கையில கிடந்தார். அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கக்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஒண்ணொண்ணா கத்துக்கிட்டேன். ஒருநாள் அழுதுக்கிட்டே அதுல ஒரு கேள்வி போட்டேன். பத்தே நிமிஷத்துல பதில்! பேர்கூடப் போடாத மனுஷர். யாரோ பெரிய டாக்டராத்தான் இருக்கணும். அந்தப் புண்ணியவான் எழுதினதைப் போய் நீ..."

டீச்சர் மார்க் நோட்டை இழுத்தார். சைபர் போடப் பேனாவைத் திறந்தார்.

"ஏணியிலேர்ந்தா, மிஸ்?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வலது குதிகால் புண்ணுக்குக் கேட்டது நீங்களா?"

பேனா அப்படியே நின்றது. அந்தப் புண்ணைப் பற்றிப் பள்ளியில் ஒருவரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

"கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வச்சு, குதிகால் மெத்தையில படாம பார்த்துக்கங்கன்னு எழுதினேனே. ஆறிடுச்சா, மிஸ்? அப்புறம் உங்ககிட்டேர்ந்து ஒண்ணுமே வரலை. எனக்கு ஒரே பயமா இருந்துச்சு."

"நீயா? மூணு வருஷத்துக்கு முன்னாடி... நீ ஏழாவதுதானே?"

"ஆமா, மிஸ். அந்த வருஷம்தான் அம்மா படுத்தாங்க. ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காகிட்ட கேட்டுக் கேட்டு, செஞ்சு பார்த்து, மறந்துடக் கூடாதேன்னு எழுதி வச்சேன். நாலு பேருக்கு உதவட்டுமேன்னு நெட்லயும் போட்டேன்."

டீச்சர் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஆறு மாதம் தன் வீட்டைத் தாங்கிப் பிடித்த கை, மை படிந்த இந்தச் சின்னக் கையா?

"உட்காரும்மா" என்றார். "இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கே. கீழே உன் பேரைப் போட்டிருக்கக் கூடாதா?"

"பேர் போட்டா யாருன்னு தேடுவாங்களே, மிஸ். எழுதினது ஏழாவது படிக்கிற பொண்ணுன்னு தெரிஞ்சா, யாரு அதை நம்பி அவங்கவங்க அம்மாவைத் தொடுவாங்க?"