நடுவுக்கு வந்த முக்காலி

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் ஒரு நாற்காலியும் ஒரு முக்காலியும் இருந்தன. கம்ப்யூட்டருக்கு நேரே நாற்காலி. அதில் பிளஸ் ஒன் சஞ்சீவ் உட்கார்ந்து தட்டுவான். ஓரத்தில் முக்காலி. அதில் அவன் வகுப்புச் செம்மலர் உட்கார்ந்து பார்ப்பாள். வருஷம் முழுக்க அப்படித்தான்.

“மூன்று காலுக்கு ஓரமே அதிகம்” என்று நாற்காலி தினமும் சொல்லும். முக்காலி கேட்டுக்கொள்ளும். மறக்காது.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. சொந்தமாக எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். செம்மலர் ஒன்று எழுதி வந்திருந்தாள்.

“நீ சொல்லு, நான் அடிக்கிறேன்” என்றான் சஞ்சீவ்.

“எழுதினவளுக்கு அடிக்கத் தெரியாதா? தள்ளுடா!”

அவள் எழுந்ததும் முக்காலிக்கு மனசு கனத்தது. இவளும் நாற்காலிக்குத்தான் போவாள் என்று நினைத்தது. அவளோ முக்காலியையே இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தாள். சஞ்சீவ் நாற்காலியோடு ஓரத்துக்கு நகர்ந்தான்.

புரோகிராம் ஓடியது. டீச்சர் போட்டிக்குச் செம்மலரின் பெயரை எழுதிக்கொண்டார்.

“இங்கிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லையே” என்று நாற்காலி முனகியது.

“ஒரு வருஷம் ஓரத்தில் இருந்து பார்” என்றது முக்காலி, நிமிர்ந்து நின்றபடி. “எல்லாம் தெரியும்.”