புரியாத ஆள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணிநேரம் நின்ற கால்களோடு செண்பகவல்லி பள்ளிக்கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பாடம் நடத்துவதெல்லாம் இயந்திரம்தான். ஆனால் படித்ததைப் புரியாத ஒருவருக்குச் சொல்லிப் புரியவைத்தால்தான் பிள்ளைகளுக்கு மார்க். அந்தப் புரியாத ஆளாக, சம்பளம் எதுவும் வாங்காமல், ஏழு வருஷமாக வருகிறாள். விரலில் மாட்டிக்கொள்ளும் வளையம் புரியாதவரை சிவப்பாக எரியும். புரிந்துவிட்டால் பச்சையாகிவிடும்.

இன்று பத்தாம் வகுப்பு ஜெபமலர் முக்கோணத்தை வரைந்து முடிக்கும் முன்பே வளையம் பச்சையாகிவிட்டது.

"மூணு நாளா இப்படித்தான்க்கா ஆகுது," என்றாள் ஜெபமலர். "இன்னைக்கும் மார்க் விழலைன்னா உங்களை நிறுத்திட்டு வேற ஆளப் போட்டுருவாங்க. கொஞ்சம் மறந்துதான் பாருங்களேன்."

நேற்று செண்பகவல்லி வேண்டுமென்றே தப்பான விடை சொல்லிப் பார்த்தாள். வளையம் ஏமாறவில்லை. இன்று கண்ணை மூடிக்கொண்டாள். அசதியில் தூக்கம் வந்ததே தவிர, முக்கோணம் மறக்கவில்லை. ஏழு வருஷத்துப் பிள்ளைகள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"மறக்க மாட்டேங்குது பாப்பா."

ஜெபமலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். "இவ்வளவு கணக்கு தெரிஞ்சும் ஏன்க்கா இன்னும் பெட்ஷீட் துவைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

செண்பகவல்லி யோசித்தாள். சோப்புத் தண்ணீரில் வெளுத்த விரல்களைப் பார்த்தாள். மறுபடியும் யோசித்தாள்.

வளையம் மெல்லச் சிவந்தது.

"அப்படியே இருங்கக்கா," என்று ஜெபமலர் அவசரமாகப் பென்சிலை எடுத்தாள்.