உடைந்தால் பாஸ்

பீங்கான் குழாயையும் உலோக வளையத்தையும் வெள்ளிக் கலவையால் பற்றவைத்தவள் தமயந்தி. அந்த ஒட்டு தாங்குகிறதா என்று எந்திரத்தில் இழுத்துச் சோதிப்பவன் அவள் கணவன் பரஞ்சோதி. விவாகரத்துக்கு மனு போட்டதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வது இந்தச் சோதனை மேஜையில்தான். படீரென்று குழாய் உடைந்தது. "பாஸ்" என்றான். "ஒட்டு விடல. பீங்கான்தான் போச்சு." அவளே எத்தனையோ முறை சொன்னதுதான். இன்றைக்கு ஏனோ புரியவில்லை. "ஒட்டு விட்டிருந்தா?" என்று கேட்டாள், புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி. "ஃபெயில். ஆனா பீங்கான் முழுசா இருந்திருக்கும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். பேனாவைத் திறந்தவன் எதையும் எழுதவில்லை. வளையத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பீங்கான் துண்டை அவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அது வரவில்லை. வர வேண்டும் என்றுதான் நெம்பினாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.