பாதிக் கடலில் திரும்பிய வள்ளம்

1970 ஆனி மாதம் என்பது நிச்சயம்; நாள்தான் சரியாக நினைவில்லை. நெடுந்தீவிலிருந்து மறுகரையிலுள்ள பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேரை ஏற்றிச் சென்ற மோட்டார் வள்ளத்தை, சோழகக் காற்று மூர்க்கமானதும் ஓட்டியான மார்க்கண்டு பாதிக் கடலில் திருப்பிவிட்டார்.

“மாப்பிள்ளை வெளிக்கிட்டால் திரும்பக்கூடாது எண்டு தெரியாதோ?” என்று மாப்பிள்ளையின் மாமன் குதித்தார். “முகூர்த்தம் தவறினால் உன்ர முதலாளியின்ர முகத்திலை எப்பிடி முழிப்பாய்?”

மார்க்கண்டு சுக்கானை விடாமல் கரைக்கே ஓட்டினார். முகூர்த்தம் தவறியது.

மறுநாள் காற்றடங்க, முதலாளி ஆழ்வாப்பிள்ளை வேறொரு வள்ளத்தில் நெடுந்தீவுக்கு வந்து இறங்கினார். மார்க்கண்டு இஞ்சின் பெட்டியைப் பூட்டித் திறப்பை நீட்டினார்.

“இதேன்?”

“நான் விலகிறன், முதலாளி.”

“ஆக்கள் எல்லாரும் கரையிலையோ?”

“ஓம். ஒருத்தரும் குறையேல்லை.”

“போன சித்திரையிலை சந்திரனுக்குப் போனவங்களும் இறங்காமல்தானே திரும்பினவங்கள்? மூண்டு பேரும் உயிரோட வந்ததைத்தானே உலகம் கொண்டாடினது! திறப்பை நீரே வையும். நான் வாங்கப்போற ரெண்டாவது வள்ளத்துக்கும் நீர்தான் பொறுப்பு.”

மார்க்கண்டுவுக்குக் கண் கலங்கியது. ஆழ்வாப்பிள்ளை மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

“வாரும், மருமோன். வேறை நாள் பாத்தாச்சு. என்ர பிள்ளை நேற்றிலிருந்து சாப்பிடாமல் கடலையே பாத்துக்கொண்டிருக்கிறாள்.”

அடுத்த புதன்கிழமை கல்யாணம் நடந்தது. மாமன் அதற்குப் பிறகு மார்க்கண்டுவின் வள்ளத்தைத் தவிர வேறெதிலும் ஏறவில்லை. மார்க்கண்டு பத்து வருடம் இரண்டு வள்ளங்களையும் நடத்தினார். ஆழ்வாப்பிள்ளையின் மகளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூவருக்கும் முதல் சோறு தீத்தியவர் மார்க்கண்டுதான்.