ஜப்பான்காரன் மிதித்த குழாய்

“அந்தக் கிராமபோன் குழாயைத் தொடாதீங்க. நசுங்கினது நசுங்கினபடியே கிடக்கட்டும்.”

ருக்மணி இப்படிச் சொன்னதும் மன்றச் செயலாளர் சேதுராமனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னக்கா இது? மாசக் கடைசியில மெர்டேக்கா, மலாயாவுக்கே சுதந்திரம். ஊரே கொடி கட்டிக்கிட்டு இருக்கு. ஜப்பான்காரன் மிதிச்ச குழாயைச் சரிபண்ணி, நம்ம விழாவில பாட்டு வைக்கலாம்னு ஆசைப்படறோம். செலவெல்லாம் மன்றத்தோடது. உங்களுக்கு என்ன கஷ்டம்?”

ருக்மணி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“அவ கிடக்கிறா. நாட்டுப்பற்றுன்னா என்னன்னே தெரியாத ஜன்மம்” என்றார் அவள் கணவர் தேவதாஸ்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் தேவதாஸ். காஜா பெராங் ஊரில் அவர் கதையைக் கேட்காத காது கிடையாது. சண்டையில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஓர் ஆபீசர் அவர் வீட்டுக்குள் புகுந்து, ஜப்பான் பாட்டு வைக்கச் சொன்னானாம். ‘இந்த வீட்டில் தமிழ்தான் பாடும்’ என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினாராம். அவன் கிராமபோனைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் குழாயை மிதித்துத் துவைத்துவிட்டானாம்.

கதையில் முதலில் ஆபீசர் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தான். போகப் போகக் கூடவே சிப்பாய்களும் வந்தார்கள். போன தீபாவளிக்குச் சொன்னபோது லாரியிலேயே வந்து இறங்கினார்கள்.

மெர்டேக்கா விழாவில் குத்துவிளக்கு ஏற்றக் கமலவேணியைத்தான் முதலில் அழைப்பதாக இருந்தது. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன அவள் கணவன் திரும்பி வரவே இல்லை.

தேவதாஸ்தான் மன்றக் கூட்டத்தில் எழுந்தார். “சந்தோஷமான நாள்ல அந்தம்மாவை மேடையில ஏத்தி அழ வைக்கணுமா? பாவமா இல்லே?”

எல்லாருக்கும் பாவமாகத்தான் இருந்தது. கமலவேணியைக் கீழே உட்கார வைத்துவிட்டு, விளக்கேற்றும் பொறுப்பைத் தேவதாஸிடமே கொடுத்தார்கள். பக்கத்தில் அந்தக் குழாய் பாடும் என்றும் தீர்மானமாயிற்று.

குழாய், பாத்திரப் பட்டறை அப்துல் கய்யூமிடம் போனது. ஊமத்தம்பூ போல விரிந்து நிற்க வேண்டிய பித்தளை, கசக்கி எறிந்த காகிதமாகக் கிடந்தது. விளிம்பு கிழிந்திருந்தது, கழுத்து ஒடிந்திருந்தது. கய்யூம் இளஞ்சூட்டில் காட்டி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒடுக்கெடுத்தார். கிழிசலைப் பற்றவைத்தார். புளி போட்டுத் தேய்த்தார்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் குழாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தெருவே கூடிவிட்டது. பெட்டியில் பொருத்தி, சாவி கொடுத்து, இசைத்தட்டை வைத்ததும் நாகஸ்வரம் தெருமுனைவரை கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

தேவதாஸுக்கு மட்டும் முகம் இருண்டுகொண்டே வந்தது. பாட்டை நிறுத்திவிட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தார்.

“என்ன பாய், எல்லா ஒடுக்கையும் எடுத்துட்டீங்களா?”

“ஒண்ணுவிடாம எடுத்துட்டேன், ஐயா.”

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

கய்யூம் விழித்தார். “சரிபண்ணத்தானே ஐயா குடுத்தீங்க?”

“சரிபண்ணச் சொன்னேன். புதுசாக்கச் சொன்னேனா? இதை மேடையில வெச்சா நேத்துதான் கடையில வாங்கினதும்பான்! ஜப்பான்காரன் மிதிச்சதுக்கு ஒரு அடையாளம் வேணாமா?”

“அண்ணன் சொல்றதும் நியாயம்தானே” என்றார் சேதுராமன். “ஒரே ஒரு பூட்ஸ் தடம் போட்டுக் குடுங்க பாய். ஜனங்க உட்கார்ற பக்கமாப் பார்த்து.”

“என்னால முடியாதுங்க. இவ்வளவு பாடுபட்டு நிமிர்த்தினதை மறுபடி நசுக்க எனக்கு மனசு வராது.”

“நீங்க நசுக்க வேணாம். நானே மிதிச்சுக்கிறேன்.”

தேவதாஸ் குழாயைக் கழற்றித் தரையில் வைத்தார். வெறுங்காலைத் தூக்கினார், விளிம்பின் கூர்மையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

“ருக்மணி! என் பூட்ஸை எடுத்துட்டு வா!”

பூட்ஸ் வரவில்லை.

“இதுக்குக்கூட அந்தம்மா ஒத்தாசை பண்ண மாட்டாங்க போல” என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

சேதுராமன் கவலையோடு குனிந்தார். “அண்ணே, அவன் மிதிச்சது இடது காலா, வலது காலா? நாளைக்கு யாராச்சும் கேட்பாங்க.”

தேவதாஸ் கொஞ்சம் யோசித்தார். “வலதுன்னே வெச்சுக்குவோம்.”

ருக்மணி வந்தாள். கையில் பூட்ஸ் இல்லை. மிளகாய் இடிக்கிற இரும்பு உலக்கையைக் கொண்டுவந்து குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது எதுக்குடி?” என்றார் தேவதாஸ். குரல் ஏனோ இறங்கியிருந்தது.

“இத்தனை வருஷமா வாசல்ல உட்கார்ந்து கதை சொன்னீங்க, பேசாம இருந்தேன். இப்போ கமலவேணியை இறக்கிவிட்டுட்டு நீங்க மேடை ஏறப் போறீங்க. இனிமே என்னால முடியாதுங்க.”

ருக்மணி குரலை உயர்த்தவே இல்லை.

“பூட்ஸால மிதிச்சா அந்த மாதிரி நசுங்காது. அவ புருஷனைப் பிடிச்சுக்கிட்டுப் போனானே, அந்த ஆபீசர் வீட்டு விருந்துக்குப் பாட்டு வைக்க நீங்க இதைத் தேய்ச்சுத் துடைச்சுத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினப்போ, நான் இந்த உலக்கையாலதான் அடிச்சேன்.”