குமிழி அடங்குவதற்குள்

தண்ணீரில் ஹைட்ரஜன் ஏற்றும் இயந்திரத்தை விற்றவன் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தான். ஏறிய வாயு தண்ணீரில் நிற்காது. குமிழி அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். டம்ளரைக் குலுக்கவே கூடாது. ஞானசிகாமணியின் கை நடுக்கத்துக்காகத்தான் அதை வாங்கினார்கள். ஜப்பானில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்ததாம்.

அவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். டம்ளரைத் தானேதான் பிடிப்பார். அது மடியிலிருந்து உதட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி சட்டையில் சிந்தும். மிச்சமிருக்கும் தண்ணீர் குமிழி அடங்கித் தெளிந்துவிடும்.

"நான் பிடிக்கிறேங்க" என்பாள் மனைவி ஹெலன்.

"எலிக்கு யாருடி டம்ளர் பிடிச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். விட்டுவிடுவாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் இயந்திரம் நின்றுபோனது. விற்றவன் போனை எடுக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்து நீட்டினாள்.

வாங்கியவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "குமிழியே காணோமே?"

"நீங்க ஆட்டுற ஆட்டத்துல எல்லாம் போயிருக்கும்" என்றாள். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவர் இருந்ததைக் குடித்தார்.

மறுநாள் காலை அவள் டம்ளரோடு வந்தபோது, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"நீயே குடுத்துடு. வீணாகக் கூடாது" என்று வாயைத் திறந்தார்.

குழாய்த் தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் புகட்டினாள்.