அவரு போட்ட பலகை

பாய்ப்படகின் பின்னால் மோட்டார் மாட்டும் பலகை ஆடுகிறது என்றான் செலஸ்டின்.

"அவரு போட்டது ஆடாது," என்றாள் அவன் மனைவி ஜெசிந்தா.

அவளுக்கு 'அவரு' என்றால் கடல் கொண்டுபோன முதல் புருஷன்தான். இரண்டாவதாகக் கட்டிய இவனைப் பிறரிடம் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவாள்.

கழற்றிப் பார்த்தான். பழைய பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. மனம் பொறுக்காமல், அது வெளியே தெரியாதபடி மேலே தேக்குப் பலகையை வைத்து, உள்ளே இரும்புத் தகடு கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினான்.

மறுநாள் பக்கத்துப் படகுக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கெட்டியா இருக்கே. யாரு பாத்த வேலை?"

"அவருதான்," என்றாள் ஜெசிந்தா, யார் பக்கமும் திரும்பாமல் பாயை அவிழ்த்தபடி.

செலஸ்டின், ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டில் மறுபடியும் ஸ்பானரை வைத்தான்.